இருப்பு, பதுக்கல், கோச்சடை உப்பு

போன வாரம், பத்திரிகை மேசையில் மொழிபெயர்க்கும் உங்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "மேடம், ஸ்டாக், ஹோர்டு ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லைப் போட்டா தப்பா?" என்று கேட்டார். பக்கம் முடிக்கிற அவசரம் போல. பின்னால் யாரோ அவரை விரட்டிக்கொண்டிருந்தது கேட்டது. தப்பு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் தப்பு என்று சொல்லவேண்டுமென்றால் ஒரு சாயப்பட்டறை, ஊரே திரண்ட ஒரு கூட்டம், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த உப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். மதியம் ஒரு மணிக்கு அச்சுக்குப் போனால் மூன்று மணிக்குத் தெருவுக்கு வந்துவிடும் பத்திரிகை. செய்தி நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் தாளைக் கிழித்து, பங்கு போட்டு, மொழிபெயர்ப்போம். எங்கள் மேசையில் இருந்த ஆங்கில–தமிழ் அகராதியில் எச் என்ற எழுத்துக்குரிய பக்கங்கள் பாதிக்கு மேல் இல்லை. யாரோ வடை மடித்திருக்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஆகவே அந்த எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் நாங்கள் அனுபவத்தை வைத்தே மொழிபெயர்த்தோம்.

எனக்கு அடுத்த நாற்காலி பாஸ்கரனுடையது. தங்கமான மனிதர், வேகமான கை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பங்குச் சந்தைச் செய்தி ஒன்று வந்தது. ஸ்டாக் என்பதற்கு அகராதியில் பார்த்திருக்கிறார். கால்நடை என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது. "மும்பையில் கால்நடைகள் கடும் சரிவு" என்று எழுதிவிட்டார். அது அச்சாகவில்லை. இன்னொரு முறை, பலத்த காற்றில் விளம்பரப் பலகை விழுந்து இருவருக்குக் காயம் என்ற செய்தி. அதற்கும் பதுக்கலுக்கும் ஆங்கிலத்தில் ஹோர்டிங் என்றுதானே சொல்கிறார்கள். "சாலையோரப் பதுக்கல் சரிந்து இருவர் காயம்" என்று எழுதினார். அது அச்சானது. வாசகர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எங்கள் செய்தி ஆசிரியர் நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பார். உட்கார்ந்தால் வாக்கியம் நீளமாகிவிடுகிறது என்பார். விளம்பரப் பலகை விவகாரத்துக்குப் பிறகு பாஸ்கரனைக் கூப்பிட்டு அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"இருப்புங்கிறது பொருளைப் பத்தின சொல்லு பாஸ்கரா. பதுக்கல்ங்கிறது ஆளைப் பத்தின சொல்லு. அந்தச் சொல்லுக்குள்ளயே ஒரு கைது இருக்கு. பாத்துப் போடு."

பாஸ்கரன் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஒருநாள் காலை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் ஒரு செய்தி வந்தது. வடக்கே ஏதோ ஓரிடத்தில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று வதந்தியாம். அதனால் அதிகாரிகள் அறிக்கை விட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் போதுமான உப்பு ஸ்டாக் இருக்கிறது, ஹோர்டு செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும், இவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்துக்கு இங்கிருந்து அரை நாளில் லாரி போய்த் திரும்பிவிடும். மதுரையில் உப்புக்குத் தட்டுப்பாடு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்களே சிரித்திருப்போம்.

அச்சுக்குப் போகிற நேரம். முதல் பக்கத்தில் ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. பாஸ்கரன் அந்த இரண்டு வரியை எடுத்தார். இரண்டும் சேர்த்து வைப்பதுதானே என்று நினைத்து இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டார். "போதுமான அளவு உப்பு பதுக்கி வைக்கப்பட்டுள்ளது: அதிகாரிகள் தகவல்."

மூன்று மணிக்குப் பத்திரிகை வெளியே போனது. நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலிக்க ஆரம்பித்தது. எங்கே பதுக்கி வைத்திருக்கிறார்கள், யார் பதுக்கியது, அதிகாரிகளே பதுக்கினார்களா என்று கேட்டார்கள். ஐந்து மணிக்கு மேலமாசி வீதி மளிகைக் கடைகளில் வரிசை நின்றது. சாதாரணமாக உப்பு மூட்டையைக் கடைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் பூட்டிவிட்டுப் போவார்கள். அதை யாரும் திருட மாட்டார்கள். அன்று மாலை ஒரு கடைக்காரர் உப்பு மூட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்தார்.

எங்கள் நிருபர் சின்னச்சாமி கொட்டாம்பட்டிக்காரர். காலையில் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். அடுத்த நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும், "அக்கா, தட்டுப்பாடெல்லாம் ஒண்ணுமில்ல. நாலு கடைக்காரங்ககிட்ட விசாரிச்சிட்டேன். சும்மா புரளி. செய்தி அடிச்சுத் தாரேன்" என்றார். அவர் மேசைக்கு அடியில் ஒரு மஞ்சள் பை கனமாக உட்கார்ந்திருந்தது.

"அதென்னது சின்னச்சாமி?"

"உப்புக்கா."

"புரளின்னு நீதானப்பா சொன்ன?"

"புரளிதான். ஆனா ஊர்ல எல்லாரும் வாங்கிட்டா நமக்கு இருக்காதுல்ல. கடைசி ரெண்டு பைதான் கெடச்சுச்சு. உங்களுக்கு ஒண்ணு வேணுமா?"

இந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க நான் அன்றைக்கும் முயன்றேன், இன்றைக்கும் முயல்கிறேன்.

எங்கள் வீட்டில் நிலைமை இதைவிட மோசம். கே.கே. நகரில் வாடகை வீடு. என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர், கணக்கில் புலி, நிதானமான மனிதர். முதல் நாள் மாலை நான் வீட்டுக்குப் போனபோது கட்டிலுக்கு அடியில் மூன்று சாக்கு நின்றது. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"இது பதுக்கல் இல்ல. நம்ம வீட்டு ஸ்டாக்."

"நம்ம ரெண்டு பேரும் ஆயுசுக்கும் திங்க முடியாது."

"மாடி வீட்டுக்காரர் இதைவிட ரெண்டு மடங்கு வாங்கி மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால மறைச்சு வச்சிருக்கார். அது பதுக்கல்."

மாடி வீட்டுக்காரரை நான் படிக்கட்டில் பார்த்தேன். எங்கள் வீட்டில் உப்பு பதுக்கியிருப்பதாக அவருக்குத் தகவல் வந்திருந்தது. தன் வீட்டில் இருப்பது கையிருப்பு என்று அவரும் விளக்கினார்.

மறுநாள் முற்பகல், நான் இரண்டாம் பக்க வேலையில் இருந்தபோது, வெளியே போயிருந்த சின்னச்சாமி பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, கோச்சடையில உப்பு சிக்கிருச்சு. ஒரு சாயப்பட்டறைக்குள்ள, கூரை வரைக்கும் மூட்டை. ஊரே தெரண்டு நிக்குது. சார்கிட்ட சொல்லுங்க, முதல் பக்கம்."

செய்தி ஆசிரியர் போனை வாங்கினார். அதிகாரி யாராவது வந்திருக்கிறாரா, அவர் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டதும் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதிகாரி நிக்கிறாராம். இது ஸ்டாக்கா ஹோர்டிங்கான்னு நம்ம பேப்பர் என்ன போடுதுன்னு பாத்துட்டு அறிக்கை எழுதுறாராம். அவர் என்ன எழுதுறாருன்னு பாத்துத்தான் நாம போடணும். நீ போயிட்டு வா. ஒரு மணிக்கு முன்னால போன் பண்ணு."

ஏன் என்னை அனுப்பினார் என்று பிறகு கேட்டிருக்கிறேன். அறையில் அன்றைக்கு உப்பு வாங்காத ஆள் நான் ஒருத்திதான் என்றார். என் கணவர் வாங்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கோச்சடை மதுரையின் மேற்கு ஓரம். பட்டறை வைகைக் கரையை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, முன்னால் முற்றம், மூங்கில் கழிகளில் சிவப்பும் பச்சையுமாக நூல் காய்ந்தது. வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பாத்திரம் வைத்திருந்தார்கள்: வாளி, அண்டா, தலையணை உறை. இரண்டு காவலர்கள் குறுக்கே கம்பைப் பிடித்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும், "பத்திரிகையா? எங்க வீட்டுக்கு ஒரு படி கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

உள்ளே, அடுக்கிய மூட்டைகளின்மேல் பட்டறை முதலாளி துளசிராம் உட்கார்ந்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சாயத் தொழில். வயது ஐம்பது இருக்கும். முழங்கை வரை சிவப்பு. அவருடைய மனைவி அடுப்புப் பக்கம் நின்று தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கீழே இறங்கு என்கிறார் என்பது மொழி தெரியாமலே புரிந்தது.

"இது சாப்பிடுற உப்பு இல்லம்மா" என்றார் துளசிராம் என்னிடம். தொண்டை கட்டியிருந்தது. "நூலுக்குப் போடுற உப்பு. காலைலேருந்து சொல்லிட்டு இருக்கேன்."

கூட்டத்தின் முன்வரிசையில் பஞ்சவர்ணம் என்ற காய்கறிக்காரம்மா. வாளியை இடுப்பில் வைத்திருந்தார். "நூலு எங்கயாச்சும் உப்புத் திங்குமா? கேக்குறவன் கேனப்பயலா இருந்தா."

"திங்கும்க்கா. மனுசனைவிட ஜாஸ்தியாத் திங்கும்."

"போன வருசம் வெங்காயம் பதுக்குனவனும் இது வெதை வெங்காயம்னுதான் சொன்னான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குக் கூட்டம் முழுக்க ஆமோதித்தது. ஒரு மூட்டையின் காதை யாரோ பிடித்து இழுத்தார்கள். காவலர் கம்பால் தட்டினார்.

அதிகாரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், வியர்த்துக் கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். எனக்கு வந்த உத்தரவு இங்கிலீஷ்ல இருக்கு. ஸ்டாக் இருந்தா விட்டுறணும். ஹோர்டு இருந்தா சீல் வச்சு, ஆளைப் பிடிச்சுக் குடுக்கணும். எம்புட்டு வரைக்கும் ஸ்டாக், எதுக்கு மேல ஹோர்டுன்னு அதுல இல்ல. நீங்க என்ன போடப் போறீங்க?"

"நீங்க என்ன எழுதப் போறீங்க சார்?"

"நீங்க போடுறதைத்தான்."

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் வேலையில் இந்த இடம் ஒருநாள் வரும். முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். நடுவில் ஒரு மனிதன் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பான். பதுக்கல் என்று நான் சொன்னால் அவருக்குக் கைது. இருப்பு என்று சொன்னால் அதிகாரி எழுந்து போய்விடுவார், காவலர்களும் போய்விடுவார்கள், அடுத்த நிமிடம் கூட்டம் உள்ளே இருக்கும். அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே சாயப்பொடி டப்பாக்கள் திறந்து கிடந்தன. தோலை அரிக்கும் எரிசோடா பீப்பாய் ஒன்று நின்றது. அந்த உப்பு அன்றிரவு கோச்சடையில் எத்தனை வீட்டுக் குழம்பில் விழும் என்று எண்ணிப் பார்த்தேன்.

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். துளசிராம் இறங்கி வந்து கட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளிப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். அழுக்கான கல் உப்பு. சாயப்பொடி பறந்து பறந்து படிந்ததில் இளஞ்சிவப்பாக இருந்தது.

பஞ்சவர்ணம் உற்றுப் பார்த்தார். "இதென்ன, ரோசாப்பூக் கலர்ல இருக்கு?"

"அதைத்தானம்மா சொல்றேன். சாயம் பட்ட உப்பு. இதைத் திங்க முடியாது."

பின்வரிசைக்கு அந்தச் செய்தி போகும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. ரோசாப்பூக் கலரில் உசந்த ரக உப்பு வைத்திருக்கிறானாம், பணக்காரர்களுக்கு மட்டும் விற்கிறானாம் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தது. அந்த யோசனையைச் சொன்னது நான்தான் என்பது யாருக்கும் நினைவில்லாதது எனக்கு வசதியாக இருந்தது.

துளசிராம் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் தங்கள் மொழியில் ஒரே சொல் சொன்னார். அவர் அடுப்பை ஏற்றினார்.

முற்றத்தில் இரண்டு பெரிய செம்புக் கொப்பரைகள் இருந்தன. இரண்டிலும் சிவப்புச் சாயத் தண்ணீர் கொதிநிலைக்கு வந்ததும், வளையமாகச் சுற்றிய வெள்ளை நூல் சிட்டங்களைக் கழியில் கோத்து இரண்டிலும் இறக்கினார்கள். துளசிராம் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து நடந்து வந்து, கூட்டம் பார்க்க, ஒரு கொப்பரையில் மட்டும் உப்பைக் கொட்டினார்.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதற்குப் பிறகு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. பாலைத் தெருவில் கொட்டினால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

"அடப்பாவி, சோத்துக்கு இல்லாத உப்பைத் தண்ணியில கொட்டுறானே" என்றார் தலையணை உறை வைத்திருந்த ஒருவர்.

"உங்க வீட்ல உப்பு இல்லையாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"வீட்ல ரெண்டு மூட்டை இருக்கு. அது இருக்கட்டும். அதை எடுக்கக் கூடாதுல்ல."

அதிகாரிக்கு முகம் தெளிந்தது. பக்கத்தில் வந்து, "மேடம், இப்பப் புரியுது. உபயோகப்படுத்துறதுக்கு வச்சிருந்தா ஸ்டாக். இப்ப அவர் இருக்குற மூட்டையெல்லாம் இப்படிக் கொட்டிக் காட்டிட்டார்னா, நான் தைரியமா ஸ்டாக்னு எழுதிருவேன்" என்றார்.

துளசிராமும் அதைக் கேட்டுவிட்டார். அந்த மனிதருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது மூட்டைக்குக் கையை நீட்டினார். அவர் மனைவி ஓடிவந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இனி ஒரு கைப்பிடி கூடினாலும் சாயம் திட்டுத் திட்டாகிவிடும், தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய நூல், ஒரு தறிக்காரனும் வாங்க மாட்டான் என்று இப்போது தமிழிலேயே சொன்னார். எங்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"சார், எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டா அப்புறம் எதை ஸ்டாக்குன்னு எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

அதிகாரி உண்மையாகவே யோசித்தார். "நியாயமான கேள்விதான்" என்றார்.

"அவரை மூட்டையிலேருந்து கையை எடுக்கச் சொல்லுங்க. நூலை எடுக்கட்டும். பாப்போம்."

துளசிராம் கழியைத் தூக்கினார். உப்பு போடாத கொப்பரையிலிருந்து வந்த சிட்டத்தை அவர் மனைவி தண்ணீரில் அலசினார். சாயம் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய், வெளுத்த செங்கல் நிறத்தில் நின்றது. உப்பு போட்டதை அலசினார். செக்கச்செவேல் என்று இருந்தது. அலசிய தண்ணீரில் அவ்வளவாக நிறம் இறங்கவில்லை. வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கூட்டத்தின் முன்னால் நடந்தார். ஒன்றும் பேசவில்லை.

பஞ்சவர்ணம் வாளியைக் கீழே வைத்தார். சிவப்புச் சிட்டத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உப்பாலயா இம்புட்டு வித்தியாசம்?"

"உப்பு இல்லன்னா சாயம் நூலைப் பிடிக்காதும்மா. தண்ணியிலயே நின்னுடும்" என்றார் துளசிராம்.

பஞ்சவர்ணம் சிட்டத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அங்கே சட்டம், ஒழுங்கு, பத்திரிகை எல்லாம் அந்த அம்மாளின் முகத்தில்தான் இருந்தன.

"இந்தக் கலர்ல சேலை எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

துளசிராமின் மனைவி ஒரு கடையின் பெயரைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் பச்சை நூலைக் காட்டி அது சாயம் போகுமா என்று கேட்டார். இன்னொருவர் தன் வேட்டிக் கரை வெளுத்துவிட்டது, அதற்கும் உப்பு போதாததுதான் காரணமா என்றார். ஆமாம் என்றார் துளசிராம். அதைக் கேட்டு அந்த மனிதர் வேட்டி விற்றவனைத் திட்ட ஆரம்பித்தார். கூட்டத்தின் கோபம் அப்படியே துணிக்கடைப் பக்கம் திரும்பியது. கால் மணி நேரத்தில் வாசலில் பாதிப் பேர் இல்லை. காவலர் கம்பை இறக்கினார்.

நான் தெருமுனைப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். ஒரு மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. பின்னால் அதிகாரியும் வேகமாக நடந்து வந்தார்.

"என்னம்மா, இருப்பா, பதுக்கலா?" என்றார் செய்தி ஆசிரியர்.

"ரெண்டும் வேண்டாம் சார். இருப்புன்னு போட்டா மிச்சம் இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு சாயங்காலம் திரும்பி வருவாங்க. பதுக்கல்னு போட்டா பொய். நூலுக்கு உப்புன்னு போடுங்க. சாயம் பட்டது, தின்னா உடம்புக்குக் கெடுதல்னு அடுத்த வரியிலயே வரணும்."

 மறுமுனையில் அவர் ஒரு தலைப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"சாயப்பட்டறையில் நூலுக்கு உப்பு" என்றார். "சரி. நேத்து போட்டதுக்குத் திருத்தமும் போடுறேன். பாஸ்கரனே எழுதுறான்."

"என்னன்னு மேடம்?" என்று பின்னாலிருந்து அதிகாரி கேட்டார். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், பிறகு மூடி வைத்தார். அச்சில் வரட்டும், பார்த்து எழுதுகிறேன் என்றார். மூன்று மணி வரை அதே தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு நின்றார் என்று சின்னச்சாமி சொன்னார். பத்திரிகை வந்ததும் தலைப்பில் இருந்த அதே மூன்று சொற்களைத் தன் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனாராம். மேலிடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆங்கில உத்தரவில் இல்லாத ஒரு வகையை அவர்களும் எப்படிக் கேட்பார்கள்?

பாஸ்கரன் எழுதிய திருத்தம் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. நான் பார்த்த திருத்தங்களிலேயே நேர்மையானது அதுதான். "நேற்றைய செய்தியில் பதுக்கி வைக்கப்பட்டுள்ளது என்பதை இருக்கிறது என்று படிக்கவும்." இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு அகராதியே வேண்டியதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வாரத்திலேயே தூத்துக்குடியிலிருந்து வழக்கம்போல லாரிகள் வந்தன. கடைக்காரர்கள் உப்பு மூட்டையை மறுபடி வெளியே போட்டார்கள். புரளி அடங்கியது. ஆனால் ஊர் முழுக்க வீடுகளில் உப்பு இருந்தது. மழைக்காலம் வேறு வந்தது. உப்பு கசிய ஆரம்பித்தது. எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஓடை அடுப்படி வரை வந்தது. கட்டிலின் இரும்புக் கால் துருப்பிடித்தது. மாடி வீட்டிலிருந்து சுவர் வழியாக எங்கள் வீட்டுக்கு ஈரம் இறங்கியது. என் கணவர் நிதானமாக யோசித்து ஒருநாள் சொன்னார்.

"அந்தச் சாயக்காரர் நூல் உப்புத் திங்கும்னு சொன்னார்ல?"

அவருக்கு மட்டும் அந்த யோசனை வந்திருக்கும் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துத் துளசிராம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், கை மட்டும் இன்னும் சிவப்பு. செய்தி ஆசிரியர் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அறையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

"ஒரு செய்தி போடணும் சார். எனக்கு உப்பு வேண்டாம்னு."

விடிந்தால் வாசலில் ஆள் நிற்கிறார்கள் என்றார். சைக்கிளில், மாட்டுவண்டியில், ஆட்டோவில் உப்பு வருகிறது. நூலுக்குப் போட்டுக்கங்க என்று இறக்கிவிட்டுப் போகிறார்கள். வேண்டாம் என்றால், அன்றைக்கு எங்களைத் தண்ணியில கொட்டிக் காட்டி ஏமாத்துனியா என்று சண்டைக்கு வருகிறார்கள். பொடி உப்பு தன் தொழிலுக்கு ஆகாது என்று சொன்னால் கேட்பதில்லை. பஞ்சவர்ணம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சிட்டம் சிவப்பு நூல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். அந்தக் காவலரும் வந்திருக்கிறார். சாயம் போட இடமில்லாமல் கொப்பரையை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"அன்னைக்கு இருந்ததைப் போல மூணு பங்கு இருக்கு சார் இப்ப. எல்லாமே வேற ஆளுங்க உப்பு."

"அந்த அதிகாரிகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"முந்தாநாள் வந்தாரும்மா. ஸ்கூட்டர் முன்னால ஒரு மூட்டை வச்சிருந்தார்."

செய்தி ஆசிரியர் என்னை எழுதச் சொன்னார். காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பட்டறையில் இப்போது ஏராளமாக உப்பு இருக்கிறது என்று தொடங்கலாமா என்று துளசிராமிடம் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"எம்புட்டு இருக்குன்னு போடாதீங்கம்மா. மறுபடி போலீஸ் வரும். எனக்கு வேண்டாம்னு மட்டும் போடுங்க."

அப்படியே போட்டோம். "சாயப்பட்டறைக்கு உப்பு வேண்டாம்." முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில். இருபத்தைந்து ஆண்டுகளில் நான் எழுதிய தலைப்புகளில் இரண்டு பொருள் தர வாய்ப்பே இல்லாத தலைப்பு அதுதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை அலுவலகம் போகிற வழியில், அங்கே எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று கோச்சடைப் பக்கம் மொபெட்டைத் திருப்பினேன். பட்டறை வாசலில் இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. வண்டிக்காரர் ஒருவர் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே துளசிராமின் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அவங்களுக்கு உப்பு வேண்டாமாம். நேத்து பேப்பர்லயே போட்டிருந்துச்சே, பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்த்தா" என்றார் அவர், மூட்டையைத் தோளில் சரிசெய்தபடி. "பேப்பர்ல என்னத்தையாச்சும் போடுவாய்ங்க. அதையெல்லாம் நம்ப முடியுமா?"